பெற்றோர், பதின்பருவத்தினர் உறவும் கிறித்தவ இளைஞர் ஊழியமும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

சீர்திருத்தத் திருச்சபை மரபில் பெற்றோரின் கடமையாகக் கருதப்பட்ட சமயக் கல்வி, தொழிற்புரட்சிக்குப் பின்னர்ப் படிப்படியாக இளைஞர் அமைப்புகளின் பொறுப்பாக மாறியது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிகழ்ந்த இம்மாற்றத்தையும், 1990களில் எழுந்த மறுசிந்தனையையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: இளைஞர் ஊழியம், பதின்பருவம், குடும்பம், ஓய்வுநாள் பள்ளி, திருச்சபை வரலாறு.

முன்னுரை

மார்ட்டின் லூதர் 1529இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேச நூலின் பகுதிகள், குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டியவை என்னும் குறிப்புடன் தொடங்குகின்றன. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு இந்நூலைத் தமிழில் பெயர்த்தார். பிள்ளைக்கு முதல் ஆசிரியர் பெற்றோரே என்பது இம்மரபின் அடிப்படை. இவ்வடிப்படை பின்னாளில் எவ்வாறு நெகிழ்ந்தது என்பதே இங்கு எழும் வினா.

வீட்டிற்கு வெளியே தோன்றிய அமைப்புகள்

1780இல் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரைக்ஸ் ஓய்வுநாள் பள்ளியைத் தொடங்கினார். வாரத்தின் ஆறு நாள்கள் உழைத்த ஏழைச் சிறுவர்க்கு எழுத்தும் மறையும் கற்பிப்பது அதன் நோக்கம். 1844இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் இலண்டனில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ., பிழைப்பின் பொருட்டு வீட்டைப் பிரிந்து வந்த இளைஞர்களுக்குத் துணையாயிற்று. இவ்விரண்டும் குடும்பத்தால் எட்ட இயலாத இடத்தை நிரப்பின. பெற்றோருக்குப் போட்டியாக எழுந்தவை எனக் கூற இயலாது.

1881 பிப்ரவரி 2 அன்று அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டில், போதகர் பிரான்சிஸ் கிளார்க் தம் இல்லத்திற்கு இளையோரை அழைத்துக் கிறித்தவ முயற்சிச் சங்கத்தை உருவாக்கினார். நாள்தோறும் மறை வாசித்தல், செபித்தல், கூட்டத்தில் பங்கேற்றல் ஆகியவை அதன் உறுதிமொழியில் இடம்பெற்றன. இங்குக் கூடியோர் வீடிழந்தவரோ வீட்டைப் பிரிந்தவரோ அல்லர். பெற்றோருடன் அதே திருச்சபைக்கு வந்தவர்கள். வயதின் அடிப்படையில் தனியே கூடுதல் இச்சங்கத்தின் வழியே பல நாடுகளுக்கும் பரவியது.

பதின்பருவமும் பிரிவும்

1904இல் உளவியலறிஞர் ஸ்டான்லி ஹால் பதின்பருவத்தைக் கொந்தளிப்பு மிக்க தனிப் பருவமாக விளக்கினார். 1940 அளவில் அமெரிக்கப் பதின்பருவத்தினருள் பெரும்பான்மையோர் உயர்நிலைப் பள்ளிகளில் பயின்றனர். நாளின் பெரும்பகுதியை ஒத்த வயதினருடன் கழித்த இத்தலைமுறையை நோக்கியே 1941இல் ஜிம் ரேபர்ன் டெக்சாசில் 'யங் லைஃப்' இயக்கத்தைத் தொடங்கினார். 1940களின் நடுப்பகுதியில் 'யூத் ஃபார் கிறைஸ்ட்' இயக்கம் சனிக்கிழமை இரவுக் கூட்டங்களில் இளையோரைத் திரட்டியது. திருச்சபைகளும் இளைஞர் போதகர்களை அமர்த்தின. இதனால் இளையோர்க்கு நம்பத்தகுந்த மூத்தோர் துணை கிடைத்தது. எனினும், சமயம் குறித்த உரையாடல் வீட்டிலிருந்து நழுவியது; அதனைத் தம்மினும் தேர்ந்தவரிடம் ஒப்படைத்துவிட்டதாகப் பெற்றோர் அமைதியுறவும் வழி ஏற்பட்டது.

குடும்பத்தை நோக்கிய திருப்பம்

இக்குறையை மார்க் டிவ்ரீஸ் 1994இல் வெளியிட்ட குடும்பம் சார்ந்த இளைஞர் ஊழியம் பற்றிய நூல் சுட்டிக்காட்டியது. இளையோரைப் பெற்றோருடனும் சபையின் பிற மூத்தோருடனும் இணைப்பதே ஊழியத்தின் பணி என்பது அவர் வாதம். கிறிஸ்டியன் ஸ்மித்தும் மெலிண்டா டென்டனும் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வலுச்சேர்த்தது. 13 முதல் 17 வயது வரையிலான 3,290 அமெரிக்க இளையோரிடம் தொலைபேசிவழித் தரவு திரட்டப்பட்டது. 267 பேர் நேரில் நேர்காணப்பட்டனர். பதின்பருவத்தினரின் சமய வாழ்வில் பெற்றோரின் தாக்கமே முதன்மையானது என அவ்வாய்வு நிறுவியது. பெற்றோருக்கு எதிரான கிளர்ச்சியே பதின்பருவத்தின் இயல்பு என்னும் பொதுக் கருத்தும் இதனால் ஐயத்திற்குள்ளாயிற்று.

முடிவுரை

வீடு எட்டாத இளையோருக்காகத் தோன்றிய ஏற்பாடு, வீட்டோடு வாழும் இளையோருக்கும் பொது விதியானபோது பெற்றோரின் இடம் சுருங்கியது. வரலாற்றடிப்படையில் நோக்கின், ஊழியம் உறவை வலுப்படுத்துவது அது பெற்றோருக்குத் துணைநிற்கும்போதேயாகும். பெற்றோரை இழந்தோர்க்கும் இல்லத்தில் அரவணைப்புப் பெறாதோர்க்கும் ரைக்ஸ், வில்லியம்ஸ் காலத்துத் தேவை இன்றும் நீடிக்கிறது. ஆகவே, யாருடைய இடத்தை நிரப்புகிறோம் என்பதைத் தெளிந்து செயற்படுவதே இளைஞர் ஊழியத்தின் முதற்கடமை எனலாம்.