தென் துருவம் போய்ச் சேர்ந்த உழவு டிராக்டர்



ஐப்பசி மாத அடைமழை. ராத்திரி ரெண்டு மணி. கரண்டு போய் ரெண்டு நாளாகிறது. ஊருக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் உள்ள மண் பாதை சேறும் சகதியுமாகக் கிடக்கிறது. அந்த நேரத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 108-க்குச் சொல்லியாகிவிட்டது. ஆம்புலன்ஸும் வந்துவிட்டது. ஆனால் தார் ரோட்டோடு நிற்கிறது. சேற்றில் இறங்கினால் அதுவும் மாட்டிக்கொள்ளும். ஊரிலிருந்து தார் ரோடு வரைக்கும் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து சேர்க்க உங்கள் ஊரில் எந்த வண்டி கிளம்பும்?

பதிலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நடந்த கதை ஒன்று சொல்கிறேன். ரொம்ப தூரத்தில், ஆளே குடியிருக்காத பனிக்கட்டிக் கண்டத்தில் நடந்தது. ஆனாலும் அது வண்டியைப் பற்றிய கதை. கடைசியில் நம் வீட்டு வாசலுக்கே வந்து நிற்கும்.

பூமியின் அடிக்கோடியில் இருக்கிறது தென் துருவம். எங்கு பார்த்தாலும் பனிக்கட்டி. சுமார் ஒன்பதாயிரம் அடி உயரம். புல் பூண்டு கிடையாது, கடை கண்ணி கிடையாது. தின்கிற சோறும் எரிக்கிற எண்ணெயும் நாமே சுமந்துகொண்டு போக வேண்டும். அங்கே முதலில் போய்ச் சேருவது யார் என்று 1911-ஆம் ஆண்டில் இரண்டு கூட்டத்தார் புறப்பட்டார்கள். ஒருவர் இங்கிலாந்துக் கடற்படை அதிகாரி ஸ்காட். இன்னொருவர் நார்வே நாட்டு அமுண்ட்சென்.

ஸ்காட் மூன்று வகை இழுவைகளை ஏற்பாடு செய்தார். மோட்டார் சறுக்கு வண்டி மூன்று, மட்டக் குதிரை பத்தொன்பது, கொஞ்சம் நாய்கள். மோட்டார் வண்டி என்றால் அந்தக் காலத்தில் பெரிய புதுமை. ஒவ்வொன்றும் ஆயிரம் பவுன் விலை. சக்கரத்துக்குப் பதிலாகச் சங்கிலிப் பட்டை போட்டுப் பனி மேல் ஊர்ந்து போகும்.

அந்த வண்டியை உருவாக்குவதில் கூடவே இருந்து பாடுபட்டவர் ஸ்கெல்டன் என்ற கடற்படை எஞ்சினியர். வண்டியின் நெளிவு சுளிவெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அவரைக் கூட்டிப் போகவில்லை. ஏன் தெரியுமா? ஸ்காட்டுக்கு அடுத்த இடத்தில் இருந்த அதிகாரியைவிட ஸ்கெல்டனுக்குப் பதவி உயர்வு. தனக்கு மேற்பட்டவர் தனக்குக் கீழே வரக் கூடாது என்று அந்த அதிகாரி மறுத்தார். வண்டி போனது, வண்டியை அறிந்தவர் ஊரிலேயே நின்றுவிட்டார்.

குதிரை விஷயமும் அப்படித்தான். கூட்டத்தில் குதிரை தெரிந்தவர் ஓட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி. சந்தைக்குப் போய் குதிரை வாங்கி வந்தவரோ நாய் பழக்குவதில் கெட்டிக்காரர். வந்து சேர்ந்த குதிரைகளைப் பார்த்ததும் ஓட்ஸ் தலையில் கை வைத்தார். மாடு பிடிக்கத் தெரியாதவனைச் சந்தைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1911 ஜனவரியில் கப்பலிலிருந்து இறக்கும்போதே ஒரு மோட்டார் வண்டி பனி உடைந்து கடலுக்குள் போய்விட்டது. மிச்சம் இரண்டு. அக்டோபர் 24-ஆம் தேதி அவை புறப்பட்டன. எஞ்சின் சூடாகும், நிறுத்தி ஆற வைப்பார்கள். மறுபடி ஓட்டுவார்கள், மறுபடி சூடாகும். ஒரு வாரத்தில், ஏறக்குறைய 80 கிலோமீட்டர் போனதும் இரண்டும் படுத்துவிட்டன. போக வேண்டியதோ ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். அந்தச் சுமையை மனிதர்களே கயிறு கட்டி இழுத்தார்கள். குதிரைகளுக்குப் பனியில் கால் புதைந்தது. உடம்பில் வியர்த்த வியர்வை உறைந்தது. டிசம்பர் 9-ஆம் தேதி கடைசிக் குதிரைகளையும் சுட வேண்டியதாயிற்று. அதற்கப்புறம் சீக்கிரமே போக வர எல்லாம் மனிதன் இழுத்த வண்டி என்றாயிற்று.

அமுண்ட்சென் என்ன செய்தார்? புதுமை எதையும் தேடவில்லை. பனி நாட்டு மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பழகி வந்த நாய் வண்டியையே எடுத்துக்கொண்டார். ஐந்து பேர், நான்கு சறுக்கு வண்டி, 52 நாய்கள். அந்த வண்டிகளும் கனமாக இருக்கின்றன என்று, குளிர்காலம் முழுக்கத் தச்சு வேலை தெரிந்தவரை உட்கார வைத்து இழைத்து இழைத்துக் கனத்தைக் குறைத்தார். வழியில் சாப்பாடு புதைத்து வைத்த இடத்துக்கு இரண்டு பக்கமும் வரிசையாகக் கொடி நட்டார். வழி தப்பிப் போனாலும் ஏதாவது ஒரு கொடி கண்ணில் படும் அல்லவா?

1911 டிசம்பர் 14-ஆம் தேதி அமுண்ட்சென் துருவத்தை அடைந்தார். ஐந்து பேரும் பத்திரமாகத் திரும்பினார்கள். ஆனால் நாய்களில் பதினொன்றுதான் திரும்பின. மற்றவற்றில் பெரும்பாலானவற்றைக் கொன்று மற்ற நாய்களுக்கும் ஆட்களுக்கும் உணவாக்கினார்கள். கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நடந்ததை மறைக்கக் கூடாது.

ஸ்காட்டும் நான்கு தோழர்களும் 1912 ஜனவரி 17-ஆம் தேதி போய்ச் சேர்ந்தபோது அமுண்ட்சென் விட்டுப் போன கூடாரம்தான் அவர்களை வரவேற்றது. திரும்பி வரும் வழியில் ஐந்து பேருமே இறந்து போனார்கள். கடைசிக் கூடாரத்திலிருந்து 11 மைலில் பெரிய உணவுக் கிடங்கு இருந்தது. அதுவரை வர முடியவில்லை. அவர்களுடைய துணிச்சலுக்குக் குறைவே இல்லை. கடுங்குளிர், சாப்பாட்டுக் குறைவு என்று காரணம் பல. அதில் ஒரு சின்னக் காரணத்தை மட்டும் கவனியுங்கள். வழியில் வைத்துவிட்டுப் போன மண்ணெண்ணெய் டின்களின் மூடியில் தோல் வாஷர் போட்டிருந்தார்கள். குளிரில் அந்தத் தோல் சரியாக அடைக்கவில்லை. எண்ணெய் கசிந்து குறைந்துபோனது. அமுண்ட்சென் தம் டின்களை ஈயம் பற்றவைத்து அடைத்திருந்தார். ஒரு வாஷர் விஷயம்தானே என்று தள்ளிவிட முடியுமா, சொல்லுங்கள்?

இதற்கப்புறம் 46 வருஷம் தரை வழியாக ஒருவரும் துருவத்துக்குப் போகவில்லை. அடுத்துப் போனவர் யார்? 1953-இல் டென்சிங்கோடு எவரெஸ்ட் சிகரம் ஏறினாரே, அந்த ஹிலாரி. நியூசிலாந்துக்காரர். தொழில் தேனீ வளர்ப்பு. நம்மைப் போல மண்ணை நம்பிப் பிழைத்த மனிதர். பின்னாளில் 1985 முதல் நம் டெல்லியில் தம் நாட்டுத் தூதராகவும் இருந்தார்.

அவர் எந்த வண்டியில் போனார் என்பதுதான் விசேஷம். பெர்குசன் டிராக்டர்! இங்கிலாந்தில் கவென்ட்ரியில் செய்த சாம்பல் நிறச் சின்ன டிராக்டர். வெறும் 28 குதிரைசக்தி. வயலில் உழுவதற்கென்று செய்தது. நம் டிராக்டரின் பின்னால் கலப்பையை மூன்று இடத்தில் மாட்டி, ஹைட்ராலிக்கில் தூக்கி இறக்குகிறோமே, அந்த ஏற்பாட்டை உலகத்தில் பரப்பியவர்தான் இந்த டிராக்டரைச் செய்த ஹாரி பெர்குசன். அவரும் அயர்லாந்து விவசாயி வீட்டுப் பிள்ளை. அவருடைய கம்பெனி 1953-இல் கனடா நாட்டு மாஸி ஹாரிஸோடு சேர்ந்தது. பிறகு மாஸி பெர்குசன் என்று பெயராயிற்று. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனி அவர்கள் கூட்டோடுதான் டிராக்டர் செய்ய ஆரம்பித்தது. நம் வயல்களில் ஓடிய சிவப்பு டிராக்டருக்கு அந்தச் சாம்பல் டிராக்டர் பெரியப்பா முறை என்று சொல்லலாம்.

ஹிலாரி என்னென்ன செய்தார் என்று கேளுங்கள். டயருக்கு மேல் சங்கிலிப் பட்டை மாட்டினார். குளிர் காற்றுக்கு கித்தான் கட்டி மறைத்தார். 1957 மார்ச்சில் முதலில் ஒரு குறுகிய தூரம் ஓட்டிப் பார்த்தார். அதில் தெரிந்த குறைகளைக் குளிர்காலம் முழுவதும் பட்டறையில் உட்கார்ந்து சரிசெய்தார்கள். ஸ்காட் கூட்டத்தில் நடந்தது போல இல்லாமல் எல்லிஸ், பேட்ஸ் என்ற இரண்டு எஞ்சினியர்களைக் கூடவே அழைத்துப் போனார். பனி வெடிப்பு உள்ள இடத்தில் டிராக்டர்களை ஒன்றோடொன்று கயிறு கட்டிப் பிணைத்து ஓட்டினார்கள். ஒன்று இறங்கினால் மற்றது இழுத்துப் பிடிக்கும். வழிநெடுக எண்ணெய்ப் பீப்பாய்களை ஆகாய விமானத்தில் கொண்டுபோய் முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தார்கள்.

1957 அக்டோபர் 14-ஆம் தேதி மூன்று டிராக்டரும், வீசல் என்ற ராணுவப் பனி வண்டி ஒன்றும் கிளம்பின. பனிக்கென்றே செய்த அந்த வீசல் வழியில் பழுதாகி நின்றுவிட்டது; அங்கேயே விட்டுவிட்டார்கள். உழவு டிராக்டர் மூன்றும் மெதுவாக, உறுமி உறுமிப் போய்க்கொண்டே இருந்தன. பூப்பனியில் புதைந்தால் சுமையைக் குறைத்தார்கள். 1958 ஜனவரி 4-ஆம் தேதி மூன்றும் தென் துருவத்தில் போய் நின்றன. தரை வழியாகத் துருவத்தை அடைந்த முதல் மோட்டார் வண்டிகள் அவைதான். போய்ச் சேர்ந்தபோது எண்ணெய் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது!

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். அதே காலத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து புறப்பட்ட புக்ஸ் என்பவர், பனிக்கென்றே செய்த ஸ்னோகேட் வண்டிகள் நான்கோடு அந்தக் கண்டத்தையே 99 நாளில் கடந்தார். ஆக, புது வண்டி கெட்டது, பழைய வண்டி நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்காட்டின் மோட்டாருக்கும் ஹிலாரியின் டிராக்டருக்கும் உள்ள வித்தியாசம் வேறு. ஒன்று, கைக்குப் பழகாத வண்டி. மற்றது, வருஷக்கணக்கில் லட்சக்கணக்கான விவசாயிகள் வயலில் ஓட்டிச் சோதித்த வண்டி; கூடவே அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஆள்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஹிலாரியின் டிராக்டர்கள் மேட்டுப் பனிநிலத்துக்கு ஏறிய பாதையின் பெயர் ஸ்கெல்டன் பனியாறு. யார் அந்த ஸ்கெல்டன்? பதவிச் சண்டையில் ஊரிலேயே விடப்பட்ட அதே எஞ்சினியர்தான்! முந்தைய பயணம் ஒன்றில் ஸ்காட்டோடு அவர் போயிருந்ததால் அந்தப் பகுதிக்கு அவர் பெயர் வைத்திருந்தார்கள்.

சரி, இப்போது நம் ஊருக்கு வருவோம். ஆரம்பத்தில் கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறதா? எந்த வண்டி கிளம்பும்?

பளபளப்பான வண்டியா, அதிக வேகம் போகிற வண்டியா என்பது பேச்சில்லை. தினமும் ஓடுகிற வண்டியாக இருக்க வேண்டும். உள்ளூரிலேயே பழுது பார்க்க ஆள் வேண்டும். உதிரிப் பாகம் பக்கத்து டவுனில் கிடைக்க வேண்டும். பெரும்பாலான ஊர்களில் அது டிராக்டரும் டிரெய்லருமாகத்தான் இருக்கும். சில ஊரில் மாட்டு வண்டியாகவும் இருக்கலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆனால் வண்டி இருந்தால் மட்டும் போதாது. மழைக்காலம் பிறக்குமுன் பேட்டரி, டயர் காற்று, விளக்கு, பிரேக் எல்லாம் பாருங்கள். ஒரு ஃபேன் பெல்ட், நல்ல தடித்த கயிறு, டார்ச் லைட் ஆகியவற்றை வண்டியிலேயே வையுங்கள். அடைமழை மாதத்தில் டேங்கைப் பாதிக்குக் கீழே இறக்காதீர்கள். கேனில் டீசல் வைத்தால் மூடி கசிகிறதா என்று பாருங்கள். அடுப்பங்கரைப் பக்கம் வைக்காதீர்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரிந்தால் போதாது. அவர் ஊரில் இல்லாத ராத்திரிதான் ஆபத்து வரும். லைசென்ஸ் உள்ள இன்னொருவரும் பழகியிருக்கட்டும். பாதை ஓரத்தில் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டி வையுங்கள். சேறு மூடினாலும் பாதை தெரியும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது டிராக்டருக்கும் பொருந்தும். ஓடுகிற தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள். எவ்வளவு கனமான வண்டியையும் வெள்ளம் புரட்டிவிடும். டிரெய்லர் ஆளேற்றுகிற வண்டி அல்ல. வேறு வழியே இல்லாத நேரத்தில்தான் அது. அப்போதும் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்து, பக்கத்தில் துணைக்கு ஆள் உட்கார்ந்து, நடை வேகத்தில் போக வேண்டும். மட்கார்டில் ஒருவரும் தொற்றிக்கொள்ளக் கூடாது.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து, உங்கள் ஊரிலிருந்து தார் ரோடு வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். எங்கே புதைகிறது, எங்கே வழுக்குகிறது என்று பகல் வெளிச்சத்தில் தெரிந்துகொள்ளுங்கள். ஹிலாரி அப்படித்தான் முதலில் ஓட்டிப் பார்த்தார். அந்த ஐப்பசி ராத்திரியில் வலியோடு டிரெய்லரில் படுத்திருக்கிற பெண்ணுக்கு, நீங்கள் செலவழித்த அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் உயிர்.