குடவோலையும் லாரிச் சங்கமும்

உத்தரமேரூர் என்று சொன்னால் போதும், படித்தவர்களுக்கெல்லாம் உடனே குடவோலை ஞாபகத்துக்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்துச் சரித்திரப் புத்தகம் செய்த உபகாரம் அது. ஆனால் இன்று அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு முதலில் தென்படுவது கல்வெட்டு அல்ல, கல் லாரி. அந்தத் தாலுகாவில் கல் குவாரிகளும் கிரஷர்களும் இருக்கின்றன. ஜல்லியும் எம்.சாண்டும் ஏற்றிய டிப்பர்கள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகின்றன. ஒரு காலத்தில் கல்லில் எழுதிய சீமை, இப்போது கல்லை உடைத்து வெளியூருக்கு அனுப்புகிறது.

அந்தக் குடத்துக்கும் இந்த லாரிக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

முதலில் லாரிக்காரரைப் பார்ப்போம். பத்துப் பதினைந்து லாரி வைத்திருக்கும் பெரிய முதலாளியைச் சொல்லவில்லை. ஒரே ஒரு லாரியைத் தவணையில் வாங்கி, தாமே ஓட்டிப் பிழைக்கிறாரே, அவரைச் சொல்கிறேன். அவர் முதலாளியா, தொழிலாளியா? பைனான்ஸ் கம்பெனிக்காரர் அவரை முதலாளி என்று நினைத்துத் தவணை கேட்கிறார். புக்கிங் ஆபீஸில் புரோக்கர் அவரைக் கூலியாள் என்று நினைத்து வாடகை பேசுகிறார். இரண்டு பேருக்கும் நடுவில் அவர் அகப்பட்டுக்கொண்டு விழிக்கிறார்.

ஓடுகிற லாரிக்குத் தீனி டீசல். நிற்கிற லாரிக்கு டீசல் வேண்டாம். ஆனால் தவணையும் இன்ஷூரன்ஸும் வரியும் நிற்பதில்லை. ஆகவே கட்டுப்படியாகாத வாடகை என்று தெரிந்தும் அவர் லோடை ஏற்றிக்கொள்கிறார். அவர் மறுத்தால் பின்னால் நிற்கிறவர் அதற்கும் குறைத்துக் கேட்பார். சரக்கை இறக்கிய ஊரில் திரும்பும் லோடுக்காகக் காத்துக் கிடக்கும்போது நிலைமை இன்னும் மோசம். வெறும் வண்டியாகத் திரும்புவதைவிடக் கிடைத்ததை வாங்கிக்கொள்வது மேல் அல்லவா? புரோக்கரின் கமிஷன் மட்டும் இரண்டு பக்கமும் தவறாமல் கிடைத்துவிடும்.

உத்தரமேரூர்க் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு லாரிக்காரரிடம், "நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் வைத்துக்கொண்டால் என்ன?" என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வைக்கலாம், சார். முதல் லோடு யார் வண்டிக்கு? கணக்கு யார் கையில்? இந்த ரெண்டையும் சொல்லிட்டீங்கன்னா நாளைக்கே வைச்சிடலாம்" என்றார்.

கூட்டுறவைப் பற்றி நான் படித்த பெரிய புத்தகங்களில்கூட விஷயம் இவ்வளவு சுருக்கமாக இல்லை.

கூட்டுறவு இந்தச் சீமைக்குப் புதிதல்ல. பிரெடரிக் நிக்கல்ஸன் என்ற ஆங்கிலேய அதிகாரி ஜெர்மனியின் கிராமக் கடன் சங்கங்களை ஆராய்ந்து, சென்னை அரசாங்கத்துக்கு 1895-லும் 1897-லும் அறிக்கைகள் கொடுத்தார். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அந்த வருஷம் ஆகஸ்டில், அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் கிராமக் கடன் சங்கம் பதிவாயிற்று. அக்டோபரில் நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் காஞ்சிபுரத்தில் பதிவாயிற்று. உத்தரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். பிறகு காஞ்சி நெசவாளர்கள் பட்டுக்கும் சங்கம் கண்டார்கள். மோட்டார் தொழிலையும் சட்டம் மறந்துவிடவில்லை. 1939-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தை 1956-ல் திருத்தியபோது, பஸ் பர்மிட்டுக்கு மனுச் செய்கிறவர்களில் மற்ற தகுதிகள் சமமாக இருந்தால் கூட்டுறவுச் சங்கத்துக்கு முதலிடம் கொடுக்கும்படி எழுதினார்கள்.

ஆனால் கடன் சங்கம் வேறு, லாரிச் சங்கம் வேறு. பணத்தைப் பங்கு போடலாம். நூறு பேருக்கு நூறு ரூபாயாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம். லோடை அப்படிப் பிரிக்க முடியாது. ஒரு லோடு ஒரு வண்டிக்குத்தான். மற்ற வண்டிகள் காத்திருக்கத்தான் வேண்டும். தன் முறை வரும் என்ற நம்பிக்கை இருந்தால் மனிதன் காத்திருப்பான். இல்லாவிட்டால் கொல்லைப்புறமாகப் புரோக்கரிடம் போய்விடுவான். லாரிச் சங்கத்துக்கு மூலதனம் பணமல்ல, முறை.

அந்த மூலதனத்தைக்கொண்டு பிழைத்த சங்கங்கள் உண்டா என்று கேட்டால், வடக்கே இமாசலப் பிரதேசத்தைக் காட்டலாம். பிலாஸ்பூர் என்ற பழைய நகரம் பக்ரா அணையின் நீரில் மூழ்கிப்போன ஊர். அந்த ஜில்லாவில் பர்மாணா என்ற இடத்தில் 1984-ல் சிமெண்டுத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது. சுற்று வட்டாரத்து ஜனங்கள் கடன் வாங்கி லாரி வாங்கினார்கள். லாரி உரிமையாளர்களின் கூட்டுறவுப் போக்குவரத்துச் சங்கம் ஏற்பட்டது. தொழிற்சாலையின் சரக்கு சங்கத்துக்கு வரும். சங்கம் முறைப்படி வண்டிகளுக்குக் கொடுக்கும். ஒரு வண்டிக்காரரும் தனியாக நின்று பேரம் பேச வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய சோதனை 2022 டிசம்பர் 15-ம் தேதி வந்தது. அந்த வருஷம் செப்டம்பரில் தொழிற்சாலையை வாங்கியிருந்த அதானி குழுமம், வாடகை மிக அதிகம், கட்டுப்படியாகவில்லை என்று சொல்லி, பர்மாணாவிலும் தாட்லாகாட்டிலும் இருந்த இரண்டு சிமெண்டுத் தொழிற்சாலைகளையும் மூடிவிட்டது. ஆயிரக்கணக்கான லாரிகள் மலையடிவாரத்தில் வரிசையாக நின்றுவிட்டன. தவணை நிற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 67 நாள் கழித்து, 2023 பிப்ரவரி 20-ம் தேதி, முதலமைச்சர் முன்னிலையில் சமரசம் ஏற்பட்டது. ஒரு டன்னைக் கிலோமீட்டருக்குக் கொண்டு போக, ஒற்றை அச்சு லாரிக்கு 10 ரூபாய் 30 காசு, பல அச்சு லாரிக்கு 9 ரூபாய் 30 காசு என்று முடிவாயிற்று. பழைய வாடகையை விட இது குறைவுதான். ஆனால் ஒற்றை லாரிக்காரர் ஒருவர் தனியாகப் போயிருந்தால் அந்தத் தொழிற்சாலையின் வாசற்படியில்கூட அவரை நிற்க விட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பஞ்சாபில் ஊருக்கு ஊர் லாரி யூனியன்கள் பலத்துடன் இருந்தன. அவர்கள் சொன்னதுதான் வாடகை. வெளி வண்டி வந்து சரக்கு ஏற்ற முடியாது என்று வியாபாரிகள் முறையிட்டார்கள். 2017-ல் மாநில அரசாங்கம் விதிகள் செய்து அந்த யூனியன்களை ஒழித்தது. புரோக்கரை விரட்டப் பிறந்த சங்கம் தானே பெரிய புரோக்கராகிவிட்டால் முடிவு அதுதான்.

இப்போது உத்தரமேரூருக்குத் திரும்புவோம். சபை கூடிய மண்டபமாக இருந்து, இன்று வைகுண்டப் பெருமாள் கோயிலாக விளங்கும் கட்டடத்தின் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்து விதிகள் இரண்டு முறை பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று 919-ம் வருஷத்தது. மற்றொன்று 921-ம் வருஷத்தது. இரண்டே வருஷத்தில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள் என்றால், முதல் விதியில் யாரோ ஓட்டை கண்டுபிடித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்?

ஊர் 30 குடும்புகளாகப் பிரிந்திருந்தது. தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கி உரக்க வாசிக்க வேண்டும். அங்கிருக்கும் நம்பிமார்களும் வாசிக்க வேண்டும். விரலை மடக்கினால் ஓலை மாறிவிடும் என்பது அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது! ஏரி வாரியமோ, தோட்ட வாரியமோ, எதுவானாலும் பதவி 360 நாள். கடந்த மூன்று வருஷத்தில் வாரியம் பார்த்தவருடைய பெயரை மறுபடி குடத்தில் இடக்கூடாது. கணக்குக் காட்டாதவர் என்றைக்கும் வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் வர முடியாது.

டீக்கடையில் கேட்ட இரண்டு கேள்விகளையும் சுவரோடு வைத்துப் பாருங்கள். முதல் லோடு யாருக்கு? முறை எல்லோர் கண்ணுக்கும் முன்னால், விரித்த உள்ளங்கையில் நடக்கட்டும். கணக்கு யார் கையில்? யார் கையிலும் அதிக நாள் இருக்க வேண்டாம். கணக்குக் காட்டாதவர் தம் மைத்துனர் பெயரில் திரும்பி வரவும் வேண்டாம். லாரிச் சங்கம் வைக்க நினைப்பவர்கள் துணைவிதிகளை எழுதுவதற்கு முன் அந்தச் சுவரை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

படிக்கும்போது அதில் எழுதாமல் விட்டதையும் படிக்க வேண்டும். அது அந்தணர்களின் சபை. கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் இருந்தவர்களுக்குத்தான் ஓலை. பெண்களுக்கு இல்லை. ஏரியில் தூர் எடுத்தவனுக்கு இல்லை. நெல் மூட்டை ஏற்றி வண்டி ஓட்டியவனுக்கும் இல்லை.

இன்றைய லாரிச் சங்கத்திலும் ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர்தான் அங்கத்தினர். பக்கத்து வண்டியைச் சம்பளத்துக்கு ஓட்டுகிற டிரைவரும், பின்னால் தார்ப்பாய் கட்டுகிற கிளீனரும் எந்த முறையிலும் இல்லை. வாடகை உயர்ந்தால் அவர்கள் படியும் உயருமா என்பதை விதியில் எழுதினால்தான் உண்டு. முதல் விதியில் விட்டுப்போனதை இரண்டாவது விதியில் சேர்த்துக்கொள்ள உத்தரமேரூரில் இரண்டு வருஷம் போதுமானதாக இருந்தது.