பிரஷர் மாத்திரையும் சர்க்கரைக் கணக்கும்

பிரஷர் மாத்திரை சாப்பிட்டா சுகர் வந்துடும்னு யாராவது சொல்லிக் கேட்டிருப்பீங்க. இது வெறும் வதந்தி இல்லைங்க, அறுபது வருஷத்துக்கு மேலான வரலாறு இதுக்கு இருக்கு.

1958-ல் மெர்க் கம்பெனி குளோரோதையசைடு மாத்திரையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றி ரத்த அழுத்தத்தைக் குறைக்கும். கொஞ்ச நாள்லயே சிலருக்கு சர்க்கரை ஏறுறதை டாக்டர்கள் கவனிச்சாங்க. மாத்திரையால பொட்டாசியம் குறைஞ்சா, கணையம் இன்சுலின் சுரக்கிறதும் குறையுது என்பது ஒரு காரணம்.

சரி, இன்சுலின் பேச்சை உடம்பு எவ்வளவு கேக்குதுன்னு எப்படி அளக்கிறது? 1979-ல் டிஃப்ரோன்சோ குழு ஒரு முறையை விவரிச்சாங்க. ரத்தத்துல இன்சுலினை ஏத்தணும். சர்க்கரை இறங்காம நிக்க எவ்வளவு குளுக்கோஸ் தேவைப்படுதுன்னு பார்க்கணும். நிறைய தேவைப்பட்டா, இன்சுலின் நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

ஸ்வீடனின் உப்சாலாவில் 1989-ல் இதை வெச்சு 50 ரத்த அழுத்த நோயாளிகளைச் சோதிச்சாங்க. அதே ஆட்களுக்கு ரெண்டு மருந்தும் மாத்தி மாத்தி. தையசைடு கொடுத்தப்ப இன்சுலின் வேலை மந்தமாச்சு. பிரேசில் நாட்டு விரியன் பாம்பு விஷ ஆராய்ச்சியில் பிறந்த கேப்டோப்ரில் கொடுத்தப்ப மேம்பட்டுச்சு! மெட்டோபுரோலால், அடெனலால் ரெண்டும் மந்தமாக்கும் கட்சின்னு அதே வருஷம் தெரிஞ்சது.

குண்டானவங்களுக்கு இன்சுலின் ஏற்கெனவே சரியா வேலை செய்யாது. அதனால 1997-ல் வெளியான ஆய்வு அவங்களை மட்டும் எடுத்துக்கிச்சு: 232 பேர், 12 வாரம். லிசினோப்ரில், தையசைடு ரெண்டுமே அழுத்தத்தைக் குறைச்சுது. ஆனா ரத்தச் சர்க்கரை முதலாவதில் கொஞ்சம் இறங்கிச்சு, ரெண்டாவதில் ஏறிச்சு.

அப்ப தையசைடைத் தூக்கிப் போட்டுடலாமா? இங்கதான் கதை திரும்புது. 2002-ல் முடிவு வெளியான ஆல்ஹாட் ஆய்வில் 33,000-க்கும் மேற்பட்டவங்க. சர்க்கரை இல்லாம ஆரம்பிச்சவங்கள்ல நாலு வருஷத்துல சர்க்கரை நோய் அளவைத் தொட்டவங்க, தையசைடு வகை மாத்திரையில் 11.6 சதவீதம், லிசினோப்ரிலில் 8.1. ஆனா மாரடைப்புல வித்தியாசமே இல்லை. பக்கவாதம், இதயச் செயலிழப்பு ரெண்டும் தையசைடு பக்கம்தான் குறைவு!

லேப் ரிப்போர்ட்டில் ஏறுற நம்பரும், ஆளுக்கு வர்ற ஆபத்தும் எப்பவும் கைகோத்துப் போறதில்லைங்க. சர்க்கரை ஏறுதேன்னு மாத்திரையைத் தானா நிறுத்தினா பக்கவாதத்தை வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிற மாதிரி. அளவைக் குறைக்கலாமா, வேற மாத்தலாமான்னு டாக்டரைக் கேளுங்க. கேக்கிறதுக்குக் காசா பணமா :-)