தாழியும் அதன் துணைப்பொருள்களும்: ஆதிச்சநல்லூர்ச் சேகரத்தைக் காண்பது குறித்து

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரபரணியின் தென்கரையில், 114 ஏக்கர் அளவில் பரந்து கிடக்கிறது ஆதிச்சநல்லூர்ப் பரம்பு. அங்கே செல்பவர் காண்பது தாழிகளை. அத்தகைய தாழிகளோடு புதைக்கப்பட்டிருந்த பொன் நெற்றிப்பட்டங்களையும், எருமையும் சேவலும் முகட்டில் நிற்கும் வெண்கல மூடிகளையும் காண வேண்டுமானால் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். சேகரத்தின் இன்னொரு பகுதி கடல் கடந்து பெர்லினில் இருக்கிறது. இந்தப் பிரிவினையைப் பலரும் உடைமைச் சிக்கலாகவே பேசிவருகின்றனர். யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியே முன்னே நிற்கிறது. அதைவிட அடிப்படையான இழப்பு ஒன்று உண்டு என்பது என் வாதம். ஆதிச்சநல்லூரில் பொருள் தருவது தனித்தனிப் பண்டமன்று. தாழி, அதற்குள் இருந்த எலும்பு, அதனருகே வைத்த கலம், அது கிடந்த மண்ணடுக்கு ஆகிய நான்கும் சேர்ந்த தொகுதியே. தலைநகரக் காட்சிக்கூடம் காட்டுவது அத்தொகுதியின் பளபளப்பான துண்டுகளை மட்டுமே.

துண்டாடல் எப்படி நேர்ந்தது என்பது தெரிந்த வரலாறு. 1876இல் ஜெர்மானியரான ஃபெடோர் யாகோர் இங்கே தோண்டி, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு அறிஞர் லூயி லாப்பிக் பாரிசுக்கு ஒரு பகுதியை எடுத்துச் சென்றார். அந்த ஆண்டுகளிலேயே தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ விரிவாக அகழ்ந்தார். அவர் திரட்டியவை 1851இல் நிறுவப்பட்ட சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. மூவரும் செய்தது ஒன்றுதான்: ஆற்றங்கரையில் எடுத்ததைத் தத்தம் தலைநகருக்கு அனுப்பினர். இவர்களுள் ரீக்குத் தமிழுலகம் தனியாகக் கடன்பட்டிருக்கிறது. 1915இல் அச்சான அவருடைய பட்டியல் இல்லாவிட்டால் எழும்பூர்ப் பொருள்களுக்கு இன்று ஊரும் பெயரும் இருந்திரா.

பிரிவால் எதை இழந்தோம் என்பதை 2004-05ஆம் ஆண்டு அகழாய்வு நன்றாகக் காட்டியது. தி. சத்தியமூர்த்தி தலைமையில் நடந்த அப்பணியில் 150க்கு மேற்பட்ட தாழிகள் வெளிப்பட்டன. அவை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகளில் புதைக்கப்பட்டிருந்தன. அதாவது பரம்பு ஒரே காலத்து இடுகாடன்று, தலைமுறை தலைமுறையாக மக்கள் திரும்பத் திரும்ப வந்து புதைத்த நிலம். அப்படியானால் எழும்பூர்க் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் ஒரு வெண்கலக் கலம் எந்த அடுக்கைச் சேர்ந்தது? பேழை அதற்கு விடை சொல்லாது. சாரதா சீனிவாசனின் உலோகவியல் ஆய்வு, இவ்வூர்க் கலங்களில் சில வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தைச் சூட்டில் அடித்து நீரில் தோய்த்துச் செய்தவை என்று காட்டியது. அத்தொழில்நுட்பம் முதல் அடுக்கிலேயே இருந்ததா, பின்னர் வந்ததா என்பது தமிழக உலோக வரலாற்றுக்கே முதன்மையான வினா. மண்ணடுக்கு தெரியாத பொருளைக் கொண்டு அதற்கு விடை காண இயலாது. மண்டையோடுகளின் கதை இதனினும் வருத்தம் தருவது. 1930இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்த சுக்கர்மனின் ஆய்வு அவற்றை அளந்தது. அக்கால வழக்கப்படி கேள்வி இனவகை பற்றியதாக இருந்தது. தாழியையும் அதனுள் கிடந்த கலத்தையும் இரும்புக் கருவியையும் பிரித்துவிட்டால், ஒரு மனிதரின் அடக்கம் வெறும் அளவெண்ணாகச் சுருங்கிவிடுகிறது.

2004-05 அகழாய்வில் கிடைத்த ஒரு பானை ஓட்டை இங்கே நினைக்கத் தகும். ஒரு பெண்ணும் கொக்கும் மானும் முதலையும் அதில் புடைப்பாக ஒட்டப்பட்டுள்ளன. பொருநையை, அதாவது தாமிரபரணியை, அருகில் வைத்துப் பார்ப்பவருக்கு அது ஆற்றங்கரை வாழ்வின் சித்திரம். ஆற்றைக் காணாதவருக்கு அது அழகான ஓடு, அவ்வளவே.

இதற்கு எழும் மறுப்புகளில் வலுவானது அணுக்கம் பற்றியது. தருமபுரி மாணவரும் கடலூர் மாணவரும் எளிதில் போகக்கூடிய இடம் சென்னையே. நெல்லை எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும் எழும்பூர் நிலையத்துக்கும் அருங்காட்சியகத்துக்கும் அதிகத் தொலைவில்லை. எல்லாவற்றையும் பரம்புக்குக் கொண்டுபோனால் பலரால் காண முடியாமற்போகும் என்பார்கள். ஏற்கத்தக்க கவலைதான். ஆனால் இவ்வாதம் தொகுதியைச் சென்னையில் சேர்த்துக் காட்டும்போதுதான் முழு வலிமை பெறும். பிரித்துக் காட்டுவதற்கு அது நியாயமாகாது. இரண்டாவது மறுப்பு பாதுகாப்பு. வெண்கலத்துக்கு முதற்பகை ஈரமும் உப்பும். எழும்பூரோ கடலுக்குச் சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. காற்றைக் கட்டுப்படுத்தும் பேழைகள் அங்கே எவ்வளவு தேவையோ அவ்வளவே இங்கும் தேவை. ஆகவே இது இடத்தைப் பற்றிய வாதமன்று, செலவைப் பற்றிய வாதம். செலவுக்கு அரசுகள் முன்வந்துமிருக்கின்றன: 2020 நடுவண் வரவுசெலவுத் திட்டத்தில் களத்திலேயே அருங்காட்சியகம் அமைக்கத் தேர்ந்த ஐந்து இடங்களில் ஆதிச்சநல்லூரும் ஒன்று, 2021இல் தமிழ்நாடு அரசு திருநெல்வேலிக்குப் பொருநை அருங்காட்சியகத்தை அறிவித்தது, 2023 ஆகஸ்டிலிருந்து பரம்பில் கண்ணாடித் தளத்தின்மேல் நின்று குழிக்குள் தாழிகளை அவை கிடந்தபடியே காண முடிகிறது.

நகல்கள் போதாவா என்போரும் உண்டு. நெற்றிப்பட்டத்தின் வடிவை நகல் காட்டும். மெல்லிய பொன்தகட்டில் மடிப்பும் தேய்மானமும் விட்டுச்சென்ற சான்றைக் காட்டாது. பெர்லினிலிருந்து மீட்பதே முதல் கடமை என்போருடன் எனக்கு நோக்கத்தில் பிணக்கில்லை. பெனின் வெண்கலங்களின் உரிமையை 2022இல் ஜெர்மனி நைஜீரியாவுக்கு மாற்றியது அந்தக் கோரிக்கைக்கு வலுவூட்டுகிறது. வரிசையில்தான் வேறுபடுகிறேன். எழும்பூரும் பொருநை அருங்காட்சியகமும் ஒரே மாநில அரசின் கையில் உள்ளவை. அவற்றிடையே பொருளை மாற்ற எந்த அயல்நாட்டு ஒப்பந்தமும் வேண்டாம். வீட்டுக்குள் பிரிந்து கிடப்பதைச் சேர்க்காமல் அயலாரிடம் கேட்பது நம் கோரிக்கையின் வலுவைக் குறைக்கும்.

எனவே முதல் பணி இடமாற்றமும் அன்று, பொதுப் பட்டியல். ரீயின் எண்களை எழும்பூர்ப் பதிவேட்டோடும் பெர்லின் பதிவுகளோடும் 2004க்குப் பின் எடுத்தவற்றின் குழி எண்களோடும் ஒப்பிட வேண்டும். எந்தப் பொருள் எந்தக் குழியைச் சேர்ந்தது என்று ஒரு சிலவற்றுக்கேனும் சொல்ல முடிந்தால், முதலில் ஊர் திரும்ப வேண்டியவை அவைதாம்: பரம்பிலோ நெல்லையிலோ, ஒரு தாழியின் அருகே.