லயன் வாசலில் வேதம்: மாத்தளைத் தோட்டங்களில் உபதேசியாரின் வாழ்வும் பணியும்

மாத்தளை என்றவுடன் வரலாறு கற்றவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது 1848ஆம் ஆண்டேயாகும். துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்த ஆங்கிலேய ஆட்சி, வீதி அமைக்க ஆண்டுக்கு ஆறு நாள் உழைக்க வேண்டும், அன்றேல் அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும் என்றும் கட்டளையிட்டது. அதற்கு எட்டாண்டுகள் முன்னரே, 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் மலைநாட்டுச் சிங்களக் குடியானவனின் சேனை நிலத்தையும் காட்டையும் அரசின் உடைமையாக்கிக் கோப்பித் துரைமாருக்கு விற்க வழி திறந்திருந்தது. தம்புள்ளையில் மன்னனாக முடிசூட்டப்பெற்ற கொங்காலேகொட பண்டா எல்கடுவையில் பிடிபட்டான். புரன் அப்பு 1848 ஆகஸ்ட் 8ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டான். கிளர்ச்சி அடங்கியது, கோப்பி வளர்ந்தது.

அக்கிளர்ச்சி நிகழ்ந்து ஆறு ஆண்டுகளே கழிந்த நிலையில், 1854இல், மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த தமிழரிடையே கிறித்துவ சமயத்தைப் பரப்பும் பொருட்டு ஓர் அமைப்புத் தோன்றியது. அதன் பெயர் 'தமிழ்க் கூலி மிஷன்' என்பது. ஒரு மக்கட் கூட்டத்தின் பெயரோடு 'கூலி' என்ற சொல்லைச் சேர்த்து, அதையே ஒரு திருப்பணியின் பெயராக்கத் தயங்காத காலம் அது. அந்த மிஷனின் பணியாளர்கள் எவ்வாறு வாழ்ந்தனர், யாருடைய அனுமதியோடு பணியாற்றினர், அவர்கள் விட்டுச் சென்றது யாது என்பவற்றை ஆராய்வதே நமது நோக்கம். சமயத்தின் மெய் பொய்களைத் தீர்ப்பது நமது வேலையன்று. உழைப்பவன் குடிசைக்குள் யார் எவ்வாறு நுழைகிறார் என்பதே நாம் எழுப்பும் கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேடுமுன் இன்னும் ஒன்றரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்வது பயன்தரும். மாத்தளை மாவட்டத்தில் வகாக்கோட்டை என்றொரு சிற்றூர் உள்ளது. கண்டியரசில் குடியேற்றப்பட்ட போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் வாழ்ந்த ஊர் அது. இன்றும் அங்குள்ள புனித அந்தோனியார் ஆலயம் பெயர் பெற்றது. இத்தகைய சிதறிய கத்தோலிக்கரைத் தேடிக் கோவையிலிருந்தன்று, கோவாவிலிருந்து வந்தவர் யோசவ்வாஸ் முனிவர். கத்தோலிக்கக் குருமாருக்கு ஒல்லாந்தர் தடைவிதித்திருந்த காலத்தில், 1687இல், ஏழை உழைப்பாளியின் கோலம் பூண்டு அவர் யாழ்ப்பாணத்தை அடைந்தார். தமிழைக் கற்றார். 1692இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய உளவாளி எனக் கருதப்பட்டுச் சிறைப்பட்டார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவிய வேளையில், பலரும் நோயாளரை விட்டு ஓடியபோது, அவர் அங்கேயே நின்று பணிவிடை செய்தார். பௌத்தனான மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அவருக்குப் பாதுகாப்பளித்தான். 1711இல் கண்டியிலேயே அவர் உயிர்நீத்தார். அவருக்குப் பின் வந்த கோவாக் குருமாருள் ஒருவரே, தமிழர் சாங்கோபாங்க சுவாமி என வழங்கும் யாக்கோமே கொன்சால்வெஸ். 1740களில் கண்டியரசின் மனம் மாறிக் குருமார் வெளியேற்றப்பட்டபின், வகாக்கோட்டை மக்கள் நெடுங்காலம் குருவானவர் இன்றியே தம் வழிபாட்டைக் காத்து வந்தனர்.

யோசவ்வாசும் அரசனின் தயவை வேண்டி நின்றவரே. ஆயினும் அவரை அனுப்பிய வணிகக் கம்பனி ஏதுமில்லை. அவர் பின்னால் பீரங்கி இல்லை. அவருக்குச் சந்தா செலுத்திய முதலாளி இல்லை. ஐரோப்பிய ஆதிக்கம் ஒன்றின் கண்ணுக்கு மறைந்தே அவர் வாழ்ந்தார். 1854இல் வந்த மிஷனரிமாரின் நிலை வேறு. அவர்கள் வந்தபோது நாடு அவர்களுடைய அரசியின் ஆட்சியில் இருந்தது. அவர்கள் செல்ல விரும்பிய ஒவ்வொரு மலையும் ஒரு துரையின் தனியுடைமையாயிருந்தது.

தமிழ்க் கூலி மிஷனின் அமைப்பு முறையிலேயே இவ்வேறுபாடு தெளிவாகும். இலங்கையில் 1818 முதல் பணியாற்றிவந்த ஆங்கிலேயத் திருச்சபை மிஷன் சங்கம் ஐரோப்பிய மிஷனரியின் செலவை ஏற்றது. உபதேசிமாருக்கும் பாடசாலைகளுக்கும் வேண்டிய பணத்தைப் பெரும்பாலும் தோட்டத் துரைமாரே சந்தாவாகக் கொடுத்தனர். திருநெல்வேலியில் முன்னர் பணியாற்றித் தமிழறிந்திருந்த செப்டிமஸ் ஹொப்ஸ் பாதிரியார் தொடக்க காலத்தில் இதன் பொறுப்பை ஏற்றார். கண்டி தலைமை நிலையமாயிற்று. அங்கிருந்து மாத்தளை உட்பட மலைநாட்டுக் கோப்பி மாவட்டங்கள் எங்கும் பணி விரிந்தது. பாப்திஸ்து சபையாரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாத்தளையில் பணி செய்தனர்.

இம்மிஷனரிமார் அனைவரும் வஞ்சகர் என்று கூறுவது வரலாறாகாது. 1835இல் இலங்கை வந்த வில்லியம் ஓக்லி, 1886இல் இறக்கும் வரை ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. அத்தகைய மனவுறுதியை நாம் மதிக்கிறோம். ஆனால் தனிமனிதனின் நேர்மை வேறு. அவன் நிற்கும் தளம் வேறு. சுற்றுப்பயணத்தின்போது மிஷனரி இரவில் தங்கியது துரையின் பங்களாவில். ஞாயிற்றுக்கிழமை ஆங்கில ஆராதனை நடத்தியது துரைமாருக்காக. பங்களா மலையுச்சியில் இருந்தது; லயன் பள்ளத்தில் இருந்தது. இரண்டுக்கும் இடையே நடந்தவர் ஒருவர் உண்டு. அவரே உபதேசியார்.

இந்த உபதேசிமாரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வரவழைக்கப்பட்டவர்கள் அவர்கள். 1820இல் இரேனியஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபின் அங்கு வேர்கொண்ட சபைகளும் பாடசாலைகளும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தலைமுறையை உருவாக்கியிருந்தன. தேரிக்காட்டு மணலிலும் பனை நிழலிலும் வளர்ந்தவர்கள் மாத்தளை மலையின் மழையிலும் அட்டையிலும் குளிரிலும் வாழ வேண்டியவராயினர். ஆங்கிலேயனுக்கு இது அயல்நாடு எனில், உபதேசியாருக்கும் அயல்நாடே. தொழிலாளியின் மொழி அவர் மொழிதான். ஆனால் ஊர் வேறு, சாதி பெரும்பாலும் வேறு, இப்போது சமயமும் வேறு. துரைக்கு அவர் 'நேட்டிவ்'. தொழிலாளிக்கு அவர் துரையின் ஆள். இரு பக்கமும் அந்நியராக வாழ்வதே அவர் ஊழியத்தின் இயல்பாயிற்று.

அவருடைய நாள் தொழிலாளியின் நாளோடு தொடங்கியது. விடியுமுன் தப்பு முழங்கும்; லயன்களிலிருந்து ஆணும் பெண்ணும் பிரட்டுக் களத்துக்கு வந்து வரிசையில் நிற்பர்; கங்காணி ஆளெண்ணுவான்; கணக்கப்பிள்ளை பெயர் பதிவார். துரை இசைந்தால், வேலைக்குப் பிரியுமுன் சில நிமிடங்கள் உபதேசியாருக்குக் கிடைக்கும். குளிரில் நடுங்கி நிற்கும் கூட்டத்துக்கு அவர் ஓர் உவமைக் கதையைச் சொல்லிச் சிறு செபம் செய்வார். பகலில் அடுத்த தோட்டத்துக்கு நடை. இரத்தோட்டை, எல்கடுவை, கந்தேநுவரைப் பக்கத்து மலைகளை அறிந்தவர்க்கு அந்நடை எத்தகையது என்பதை விளக்க வேண்டியதில்லை. மாலையில், அடுப்புப் புகை சூழ்ந்த லயன் வாசலில் அமர்ந்து நோயாளியை விசாரிப்பார்; ஊருக்குக் கடிதம் எழுதத் தெரியாதவனுக்கு எழுதிக் கொடுப்பார்; கீர்த்தனை பாடுவார்; விரும்பிய இளைஞருக்கு மணலில் விரலால் அரிச்சுவடி எழுதிக் காட்டுவார். ஞாயிறன்று கோப்பி ஸ்டோரின் ஒரு மூலையே கோயிலாகும்.

இங்கே நமது கேள்வி மீண்டும் எழுகிறது. பிரட்டுக் களத்தில் எதைச் சொல்லலாம்? எதைச் சொல்லலாகாது? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தை விட்டோடிய தொழிலாளி குற்றவாளியாகிச் சிறை செல்ல நேரும். சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும். கங்காணியிடம் பெற்ற முன்பணமோ கடனாக வளர்ந்துகொண்டே போகும். இந்நிலையில் பொறுமை, கீழ்ப்படிதல், மறுமைப் பேறு ஆகியவற்றைப் பற்றிய பிரசங்கம் துரைக்கு உவப்பாகவே இருந்திருக்கும். அதே வேதத்தில், கூலிக்காரனின் கூலியைப் பிடித்துவைப்பவனைக் கண்டிக்கும் பகுதிகளும் உள்ளன. சந்தாப் பட்டியலின் தலைப்பில் துரையின் பெயர் இருக்கும்போது, அப்பகுதிகளைப் பிரட்டுக் களத்தில் உரக்க வாசிப்பது உபதேசியாருக்கு எளிதாக இருந்திராது. ஒரு மனிதன் உண்ணும் சோறு எங்கிருந்து வருகிறதோ, அங்கே அவன் நாவுக்குக் கட்டும் விழுகிறது.

தொழிலாளரிற் பெரும்பாலோர் மதம் மாறவில்லை. இதை அறியாமை என்று சொல்லிவிடுதல் தகாது. மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் அவர்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகப் பலரைப் பலி கொண்டன. எஞ்சியோர் மலையடிவாரத்தை அடைந்தபோது நன்றியோடு நினைத்தது தம் ஊர் மாரியையே. மாத்தளை நகரின் முத்துமாரியம்மன் கோயில் அந்த நினைவின் மேல் எழுந்து நிற்பது. ஊரும் உறவும் இழந்தவனுக்கு எஞ்சியிருந்த ஒரே உடைமை அவன் தெய்வமும் திருவிழாவும் தப்பொலியும்தான். அதையும் விட்டுவிடு என்று கேட்பது சிறிய கேள்வியன்று. மேலும், கோப்பிக் காலத்தில் தொழிலாளர் பலர் அறுவடைப் பருவத்துக்கு வந்து ஊர் திரும்புவோராயிருந்தனர். இன்று கேட்டவன் நாளை இல்லை. இத்தகைய நடமாடும் மக்களிடையே சபை நிலைப்பது கடினம்.

பொருளாதார அடித்தளம் மாறியபோது ஊழியத்தின் உருவமும் மாறியது. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டது. அடுத்த இரு பத்தாண்டுகளில் கோப்பி அழிந்து, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. அந்த 1869இலேயே ஆபிரகாம் ஜோசப் என்பவர் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்னும் நூலை வெளியிட்டார் என்பது கவனிக்கத்தக்கது. அச்செழுத்தும் கும்மி மெட்டும் தோட்டத் தொழிலுக்கு வந்து சேர்ந்த அதே ஆண்டில் பயிருக்கும் நோய் வந்து சேர்ந்தது! தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கைகள் வேண்டும். பெண்களின் கைகள் குறிப்பாக வேண்டும். எனவே குடும்பங்கள் லயன்களில் நிலைத்தன. குழந்தைகள் பிறந்து வளர்ந்தனர். 1880இல் புகையிரதம் மாத்தளையை அடைந்தது. நடந்து திரிந்த உபதேசியாரின் இடத்தில், ஒரே தோட்டத்தில் அமர்ந்து கற்பிக்கும் ஆசிரியர் முதன்மை பெறலானார்.

ஆனால் அப்பாடசாலையின் தரம் என்ன? யாழ்ப்பாணத்தோடு ஒப்பிட்டால் உண்மை விளங்கும். அங்கு 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். 1824இல் உடுவிலில் பெண்கள் பாடசாலை கண்டனர். மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். அவர்களுக்குப் போட்டியாக ஆறுமுக நாவலர் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அங்கே நிலமும் நெல்லும் உடைய ஒரு சமூகம் கல்வியை உரிமையாகக் கேட்டது, பெற்றது, எதிர்த்தும் வளர்த்தது. இங்கே நிலமற்ற தொழிலாளியின் பிள்ளைக்குக் கிடைத்தது அரிச்சுவடியும் சிறிது எண்ணும் மட்டுமே. அதற்கு மேற்பட்ட கல்வி தோட்டத்துக்குத் தேவைப்படவில்லை. வானியல் கற்ற மாணவன் கொழுந்து பறிக்கமாட்டான் என்பது துரைக்குத் தெரியும். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டங்களில் பாடசாலை வேண்டுமென வற்புறுத்தியபோதும், 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளையே அது கருதியது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலை பிரதான ஓட்டத்துக்குப் புறத்தேதான் நின்றது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது.

எனினும் எழுத்து என்பது கொடுத்தவனின் நோக்கத்துக்குள் அடங்கிக் கிடப்பதன்று. வேதம் வாசிக்கக் கற்றவன் பற்றுச்சீட்டையும் வாசிப்பான். கணக்கப்பிள்ளையின் பேரேட்டையும் வாசிப்பான். 1920களில் கோ. நடேசய்யர் 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய இதழ்களையும் துண்டுப் பிரசுரங்களையும் கையிலெடுத்துத் தொழிலாளரை நோக்கித் திரும்பியபோது, அவற்றை லயனில் உரக்க வாசிக்க எழுத்தறிந்த ஓரிருவர் தேவைப்பட்டனர். 1931இல் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது அணி திரண்டவர்களுள், மிஷன் பலகையிலும் லயன் திண்ணையிலும் அகரம் கற்றவர்கள் இல்லாதிருந்திருக்க முடியாது. துரையின் சந்தாவில் வாங்கிய சிலேட்டு துரைக்கெதிரான மனுவுக்கும் பயன்பட்டது. வரலாற்றின் இயங்கியல் இத்தகையது.

1948இன் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலின் இருபுறமும் பிரித்தது. உபதேசியார் கூட்டிய சிறு சபைகளும் அப்பிரிவுக்குத் தப்பவில்லை. ஆயினும் இக்கதைக்கு இன்னொரு அத்தியாயமும் உண்டு. 1972இல் போல் கஸ்பர்ஸ் அடிகளார் கண்டியில் 'சத்தியோதய' நிலையத்தை நிறுவி, சிங்களக் கிராமத்தானையும் தமிழ்த் தோட்டத் தொழிலாளியையும் ஒருங்கே அமர்த்திப் பேச வைத்தார். தொழிலாளியின் வாக்கு, குடியுரிமை, கூலி ஆகியவற்றைச் சமய ஊழியத்தின் நடுவே வைத்தார். 1848இல் நிலமிழந்தவனின் பேரனும், அந்நிலத்தில் உழைக்கக் கொணரப்பட்டவனின் பேரனும் ஒரே பாயில் அமர முடியும் என்பதை அது காட்டிற்று. சமயவாதி எப்பக்கம் நிற்க வேண்டும் என்பது வேதத்தால் மட்டும் தீர்வதன்று. யாருடைய அனுமதியை அவன் வேண்டி நிற்கிறான் என்பதாலும் அது தீர்கிறது.

ஆசிரியர்களாகிய நமக்கு இவ்வரலாறு வெறும் பழங்கதையன்று. மிஷன் வரலாறுகள் ஐரோப்பியப் பாதிரிமாரின் பெயர்களைப் பேணியுள்ளன. அட்டை கடித்த காலோடு மலையேறி, லயன் வாசலில் மணலைப் பரப்பி முதல் அகரம் எழுதிக் காட்டிய திருநெல்வேலித் தமிழரிற் பெரும்பாலோர்க்கு அந்த நினைவும் இல்லை. மலையகத்தில் தமிழ் கற்பிப்போர் வரிசையில் அவர்களே முதல்வர். அவர்களுடைய உழைப்பை நாம் நன்றியோடு ஏற்போம். அவர்கள் நாவைக் கட்டியிருந்த கயிறு இன்று நமது வகுப்பறையிலும் கிடக்கிறதா என்று தேடிப் பார்ப்போம். தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தை மட்டும் கொடுத்து, அவ்வெழுத்தால் தன் வாழ்வை வாசிக்கும் துணிவைக் கொடாவிடின், நாமும் பிரட்டுக் களத்தில் சில நிமிடங்கள் பேசிவிட்டுப் போகும் உபதேசிமாராகவே முடிவோம்.