தோட்டத்துக் கோயிலும் நிலப்பட்டாவும்

ஜொகூர் பாரு நகரத்து ராஜகாளியம்மன் கோயில் 1922-ல் எளிய கொட்டகையாக எழுந்தது. அதன் நிலம் ஜொகூர் சுல்தான் இந்தியர்க்கு அளித்த கொடை என்பது வழிவழியாக வரும் செய்தி. குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் முதலிய வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களில் எழுந்த மாரியம்மன், முனியாண்டி கோயில்களுக்கோ அத்தகைய கொடையாளர் வாய்க்கவில்லை. பெரிய துரையின் அனுமதியே அவற்றுக்கு அடித்தளம். அதுவும் பெரும்பாலும் வாய்ச்சொல்லாகவே இருந்தது. பிற்காலத்து வழக்குகளின் வேர் இங்கேதான் உள்ளது.

ஜொகூரின் ஊடே செல்லும் ரயில் பாதை 1909-ல் முடிவுற்றபின் உட்புறக் காடுகள் விரைவில் தோட்டங்களாயின. அங்கே பால் வெட்ட வந்த தமிழர் பலர் தஞ்சை, திருச்சி, சேலம், வடார்க்காடு மாவட்டச் சிற்றூரினர். அவ்வூர்களின் நிலக்கணக்கில் பட்டா நிலம் வேறு, புறம்போக்கு வேறு. மந்தைவெளி, ஏரி, வண்டிப்பாதை, சுடுகாடு ஆகியவை தனியொருவர் பட்டாவில் சேர்வதில்லை. சேரியிலிருந்து வந்தவர்களுக்கு அந்தப் பொதுநிலத்திலும் சமபங்கு இருந்ததில்லை என்பது வேறு செய்தி. தோட்டத்திலோ லயமும், பெரட்டுக் களமும், ஆயக்கொட்டகையும், பள்ளியும், பந்துத்திடலும், கோயிலும் கம்பெனியின் பட்டாவுக்குள்ளேயே அடங்கின. புறம்போக்கு என்ற ஒரு வகையே தோட்டக் கணக்கில் இல்லை.

இந்தக் குறை நெடுங்காலம் எவர்க்கும் உறுத்தவில்லை. ஆட்களை நிலைநிறுத்தக் கோயில் உதவும் என்பதைத் துரைமார் அறிந்திருந்தனர். பல தோட்டங்களில் கோயில் வரியைச் சம்பளத்திலேயே பிடித்துக் கொடுத்தனர். திருவிழாவுக்கு விடுமுறையும் விட்டனர். மலாய்க் கூட்டுநாடுகளின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்டமே பள்ளி வைக்க வேண்டும் என்றது. அவ்வகை விதி ஜொகூருக்கும் வந்தது. ஆனால் சட்டம் பள்ளியைக் கேட்டதேயன்றி, பள்ளிக்குத் தனிப்பட்டா கேட்கவில்லை.

1950-களில் ஐரோப்பியக் கம்பெனிகள் சில தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறுசிறு துண்டுகளாக்கிப் பலருக்கு விற்றனர். பழைய துரை சொன்ன சொல் புதிய உடைமையாளரைக் கட்டுப்படுத்தவில்லை. தொழிலாளர் வேலையை இழந்தபோதே வீட்டையும் கோயிலையும் இழந்தனர். இத்துண்டாடலை ஆராய்ந்த பேராசிரியர் உங்கு அஜீசின் அறிக்கை 1962-ல் வெளிவந்தது. 1954-ல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் எதிர்த்து நின்றது. வீ. தி. சம்பந்தன் வேறு வழி கண்டார்: 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பங்குப் பணத்தில் தோட்டங்களையே வாங்கச் செய்தார். பொதுவிடத்தைக் காக்க நிலக்கிழாராகவே ஆக வேண்டியிருந்தது!

சட்டத்தின் போக்கையும் நோக்க வேண்டும். இந்தியாவில் ஒருவர் தனியார் நிலத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் எதிரிடையாக அனுபவித்தால் பாத்தியதை கோரலாம். மலேசியாவில் 1966 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த தேசிய நிலச் சட்டம் அதற்கு இடமளிக்கவில்லை. அரசு நிலத்துக்கு 48-ஆம் பிரிவும், தனியார் நிலத்துக்கு 341-ஆம் பிரிவும் தடை. தென் ஆஸ்திரேலியாவில் 1858-ல் டோரன்ஸ் வகுத்த முறையைத் தழுவியது இது. பதிவேட்டில் உள்ள பெயரே உரிமை. நூறாண்டு பூசை நடந்திருப்பினும் அது அனுமதியின்பேரில் இருந்ததாகவே கொள்ளப்படும். பதிவேட்டை நம்பி விலை கொடுத்தவரையும் குறை கூறுவதற்கில்லை. குறை, விற்பனைக்கு முன்பே கோயிலுக்கும் பள்ளிக்கும் நிலம் பிரித்துத் தராமையில் உள்ளது.

ஜொகூரில் இச்சிக்கல் நகர விரிவோடு முற்றியது. பாசிர் கூடாங் துறைமுகம் 1977-ல் இயங்கத் தொடங்கியது. 2006-ல் இஸ்கந்தர் வளர்ச்சிப் பகுதி 2,217 சதுர கிலோமீட்டரில் வகுக்கப்பட்டது. ரப்பரும் செம்பனையும் நின்ற மண்ணில் தாமான்கள் எழுந்தன. இத்தகைய இடங்களில் வழக்கு, கோயில் பெயரலாமா என்பதோடு நில்லாது. மாற்றிடம் எத்துணை அடி, அதன் பட்டா யார் பெயரில் என்பதற்குப் போகும். தொழிலாளர் பல திசைகளில் சிதறியபின் கோயிலுக்காகப் பேசத்தக்கவர் யார் என்பதிலேயே சில வேளை பிளவு நேரும். சிலாங்கூரில் சீபீல்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலின் இடமாற்றப் பூசல் 2018 நவம்பரில் கலவரமாக வெடித்தது.

ஸ்கூடாய் வட்டாரத்து முத்தியாரா ரினி இன்று வீடமைப்புப் பகுதி. அங்குள்ள தமிழ்ப்பள்ளியின் பெயர்ப் பலகையில் மட்டும் ‘ரினி தோட்டம்’ இன்னும் இருக்கிறது.