யேனா நகரத்து விளக்கு

உரசினால் பற்றிக்கொள்ளும் தீக்குச்சி இன்னும் கடைக்கு வராத 1823-ஆம் ஆண்டில், சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டிப் பொறி பிடிப்பதே வீடுதோறும் நித்திய கர்மமாயிருந்த ஐரோப்பாவில், ஜெர்மானிய நகரமாகிய யேனாவின் சர்வகலாசாலையில் ரசாயனம் போதித்துவந்த யோஹான் வோல்ஃப்காங் டோபரைனர், மெல்லிய குழாய் வழியே வந்த ஹைட்ரஜன் வாயுவைக் காற்றோடு கலந்து பிளாட்டினப் பஞ்சின்மீது படச் செய்தபோது, அருகில் சுடரோ பொறியோ இல்லாமலே அந்தச் சாம்பல் நிற உலோகம் செக்கச் சிவந்து, வாயு தீப்பற்றிக்கொண்டது.

குதிரைவண்டிக்காரரின் மகனாய்ப் பிறந்து, மருந்துக்கடையில் தொழில் பயின்று, பட்டம் ஏதுமின்றியே 1810-இல் அப்பதவிக்கு வந்தவர் அவர். மகாகவி கெதேயின் சிநேகத்துக்குப் பாத்திரமானவர். கண்ட அதிசயத்தை அவர் உடனே ஒரு விளக்காக்கினார். கண்ணாடிப் பாத்திரத்தில் நீர் கலந்த கந்தகாமிலம். அதனுள் அடிப்புறம் திறந்த ஒரு கண்ணாடி மணி. மணிக்குள் தொங்கும் துத்தநாகக் கட்டி. மேலே திருகுக் குழாய், அதற்கு எதிரே பிளாட்டினப் பஞ்சு. குழாயைத் திறந்தால், அமிலம் மேலேறித் துத்தநாகத்தைத் தீண்ட, பிறந்த ஹைட்ரஜன் பாய்ந்து சுடராகும்; மூடினால், வெளியேற வழியற்ற வாயு அமிலத்தைக் கீழே தள்ளிவிட, வேலை தானாகவே ஓய்ந்துவிடும். காப்புரிமை கோராமல் அவர் உலகுக்கு விட்டுவிட்ட அவ்விளக்கு, தீக்குச்சி மலிந்து அதன் இடத்தைப் பிடிக்கும்வரை எத்தனையோ வீடுகளில் எரிந்தது.

நாளடைவில் துத்தநாகம் கரையும், அமிலம் வலுவிழக்கும். பிளாட்டினம் மட்டும் செலவாவதில்லை. இதையொத்த பல நிகழ்ச்சிகளை 1835-இல் தொகுத்து ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு பெர்சீலியஸ், கட்டவிழ்த்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவற்றுக்குக் ‘கெடாலிசிஸ்’, அதாவது வினையூக்கம், என்று பெயர் சூட்டி, ஒரு புதிய சக்தியே அங்கே தொழிற்படுவதாகக் கருதினார். பிளாட்டினம் போன்ற வினையூக்கி ரசாயன மாறுதலின் வேகத்தை மாற்றுகிறதேயன்றி, அதன் சமநிலையை மாற்றுவதில்லை என்று பின்னர் தெளிவாக்கி, 1909-இல் நோபல் பரிசு பெற்றவர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட்.

ஏரியில் தேங்கிய நீர் உயர்ந்த கரையைத் தாண்ட முடியாமல் நிற்க, மதகு திறந்ததும் அதே நீர் தன் சரிவிலேயே ஓடுவதைப் போன்றது இது. மதகு நீருக்கு வலிமை ஈவதில்லை, வழியே ஈகிறது. ஹைட்ரஜனும் பிராணவாயுவும் சாதாரண வெப்பத்தில் ஆண்டுக்கணக்காகக் கலந்திருந்தும் கூடாதிருப்பதற்குக் காரணம், அவற்றின் மூலக்கூறுகளைப் பிளக்கப் பெருஞ்சக்தி வேண்டியிருப்பதே. பிளாட்டினத்தின் மேற்பரப்பில் ஒட்டியதும் அவை எளிதாக அணுக்களாய்ப் பிரிந்து, நீராய்க் கூடி, வெப்பத்தை வெளிவிடுகின்றன. பஞ்சுபோல் நுண்துளை நிறைந்திருப்பதால் அம்மேற்பரப்பு மிகப் பெரிது. வேகமும் அதற்கேற்ப மிகுதி.

இந்த ஞானம் விளக்கோடு நின்றுவிடவில்லை. ஜெர்மானிய ரசாயன அறிஞர் ஹேபர் தம் ஆய்வுசாலையில் ஆஸ்மியத்தைக் கொண்டு சாதித்த அம்மோனியா உற்பத்தி, இரும்பையே வினையூக்கியாகக் கொண்டு 1913-இல் ஒப்பாவ் நகரில் பெருந்தொழிலாயிற்று. இன்று வயலுக்கு இடும் யூரியாவும் அவ்வம்மோனியாவிலிருந்தே பிறக்கிறது. தீ மூட்டுவதற்கென்று யேனாவில் பிறந்த அறிவு, இவ்வாறு அந்தத் தீயில் வேகும் சோற்றுக்கும் துணையாயிற்று.